வாத்தியாருக்கு ஜப்பானில் என்ன பேர்

“ஒரே ஒரு தடவை சொல்லேன். காசிலிங்கம். ஆறே எழுத்து,” என்றார் காசிலிங்கம்.

“அது மட்டும் முடியாது,” என்றாள் சங்கரம்மாள், தேங்காய் துருவுவதை நிறுத்தாமல்.

“யாரு கேக்கப் போறா? நானும் அந்த ஜப்பான்காரரும்தான்.”

“சாமி கேக்கும்.”

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். புருஷன் பேரை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அதில் பாதி வந்துவிடுகிறது என்பதால் காசு என்றுகூடச் சொல்லமாட்டாள், துட்டு என்பாள். யாராவது காசிக்குப் போனால் ‘வடக்க கங்கையில குளிக்கப் போயிருக்காக’ என்பாள். நாலு வருஷத்துக்கு முன் சென்சஸ் எடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பேரைக் கேட்டபோது, பக்கத்து வீட்டு ஆக்னஸைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். ஊராரிடம் புருஷனைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் ‘எங்க சார்’ என்பதோடு சரி.

காசிலிங்கத்துக்கு இதில் உள்ளூரப் பெருமை உண்டு. இந்த வாரம் மட்டும் அந்தப் பெருமை தொண்டையில் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்கு ஒரு ஜப்பான்காரர் சாப்பிட வருகிறார்.

வினை திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டது. காசிலிங்கம் தூத்துக்குடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். பள்ளியின் கரஸ்பாண்டெண்ட் சுந்தரராஜுக்கு உப்பளங்கள் உண்டு. புதுத் துறைமுகம் வந்த பிறகு அவருடைய உப்பு நேராக ஜப்பானுக்குக் கப்பல் ஏறுகிறது. அதை வாங்குகிறவர் நிஷிமுரா என்பவர். வருஷம் ஒரு தடவை வந்து உப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இந்தத் தடவை ஓட்டல் சாப்பாடு வேண்டாம், ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பத்தில் சாப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்.

“உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாமே, முதலாளி?” என்று கேட்டார் காசிலிங்கம்.

“என் வீட்டுக்கா? அந்த மொசைக் தரையையும் ரெண்டு காரையும் பார்த்தான்னா, விலையைக் குறைன்னு அங்கனயே உக்காந்துக்கிடுவான், வே. உம்ம வீடுதான் சரி. பார்த்தவுடனே மனசு இளகிரும்.”

காசிலிங்கம் இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று யோசிப்பதற்குள் சுந்தரராஜ் அடுத்ததைச் சொன்னார்.

“நம்ம வேம்பார் ஸ்கூல்ல பூகோள வாத்தியார் ரிட்டயர் ஆகுதாரு. இங்கன இருந்து ஒரு ஆளை அனுப்பணும். ஞாயித்துக்கிழமை நல்லபடியா முடிஞ்சா வேற யாரையாவது அனுப்பிக்கிடுதேன். கோளாறு கீளாறு ஆச்சுன்னா, நீரு பெட்டியைக் கட்டும்.”

காசிலிங்கத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகாது. கடற்கரை ரோட்டுப் பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவர் சாப்பிட்டதெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விடும். வேம்பாருக்குப் போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ஒரே மகளை ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக்கொடுத்த பிறகு சங்கரம்மாளுக்கு எல்லாமே அவளுடைய ரெண்டு பசுமாடுகள்தான், அதுகளை விட்டு வரமாட்டாள். இன்னொன்றும் உண்டு. அவள் இல்லாத வீட்டில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. இதை அவர் அவளிடம் சொன்னதில்லை.

சுந்தரராஜ் ஒரு நிகழ்ச்சி நிரலையே டைப் அடித்துக் கொடுத்திருந்தார். பன்னிரண்டரைக்கு வருகை. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு, வீட்டு அம்மாள் தன் கணவரை ஜப்பானிய மொழியில் அறிமுகம் செய்தல். அந்த ஊரில் வீட்டம்மாள்தான் வாசலுக்கு வந்து வரவேற்பாள் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார்.

“சரி, பேரு வேண்டாம். தொழிலைச் சொல்லுவியா?” என்றார் காசிலிங்கம். “வாத்தியார்ங்கிறதுக்கு ஜப்பான் பாஷையில ஒரே ஒரு வார்த்தை. என்னைக் கையைக் காட்டி அதை மட்டும் சொன்னாப் போதும்.”

“அது சொல்லலாம்,” என்றாள் சங்கரம்மாள்.

செவ்வாய்க்கிழமை காசிலிங்கம் பழைய துறைமுகத்துப் பக்கம் போய், பழைய புஸ்தகக் கடைகளைக் குடைந்து, அட்டை போன ஒரு சின்னப் புஸ்தகத்தைக் கண்டெடுத்து வந்தார். கப்பல்காரர்களுக்காக அச்சடித்த ஆங்கில ஜப்பானியக் கையகராதி. வாத்தியாருக்கு நேரே ‘கியோஷி’ என்று போட்டிருந்தது.

சாயங்காலம் மனைவியை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். கையில் பிரம்பு இல்லாததுதான் குறை.

“கியோஷி,” என்றாள் சங்கரம்மாள்.

“அவசரப்படாதே. முதல்ல நான் சொல்லுதேன். கி... யோ... ஷி. இப்போ சொல்லு.”

“கியோஷி.”

“ஏதோ தேவலை. இன்னும் பத்துத் தடவை சொல்லு.”

பத்துத் தடவையும் சொன்னாள். பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது, “நல்ல வார்த்தைதான். இதுவே இருக்கட்டும்,” என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாத்தியார்களுக்கு விடையைச் சரிபார்க்காமல் தூக்கம் வராது. புதன்கிழமை அவர் ஜெபசீலன் வீட்டுக்குப் போனார். ஜெபசீலன் முப்பது வருஷம் கப்பல்களில் பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபே, யோகஹாமா எல்லாம் அவருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி.

“கியோஷியா?” என்று ஜெபசீலன் தொடையில் தட்டிச் சிரித்தார். “கெடுத்தீரு போங்க. அது சும்மா வேலைக்கு உள்ள பேரு சார். வாத்தி வேலைன்னு சொல்லுத மாதிரி. மரியாதையே கிடையாது. அங்கன வாத்தியாரை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டான். ‘சென்செய்’! அதுதான் வார்த்தை. சென்செய்னு சொன்னா சின்னப் புள்ளையில இருந்து கிழவன் வரைக்கும் குனிவான்.”

“நல்ல வேளை அண்ணாச்சி, உங்ககிட்ட கேட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாடத்தை மாற்றினார். “கியோஷியை மறந்திரு. சென்செய்னு சொல்லணும்.”

சங்கரம்மாள் முகத்தைச் சுளித்தாள். “முதல்ல சொன்னதே நல்லாயிருக்கு.”

“நல்லாயிருக்கா, நல்லாயில்லியான்னு பார்க்க இது என்ன சேலையா?”

“அதுக்கில்ல. நம்ம வீட்டு ஆளை நாமளே பெருசாச் சொல்லிக்கிடலாமா?”

“ஏன், நீ எங்க சார், எங்க சார்னு சொல்லலியா?”

“அது இங்கன.”

“இங்கனயாவது அங்கனயாவது! விஷயம் தெரிஞ்சவுக சொன்னா கேட்டுக்கிடணும், ஏளா.”

“சரி, சென்செய்,” என்றாள். அதையும் பத்துத் தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை காசிலிங்கம் கரஸ்பாண்டெண்ட் அறைக்குப் போய்ப் புது வார்த்தையைப் பெருமையாக ஒப்பித்தார். சுந்தரராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை நான் கேட்டிருக்கேனே. போன வருசம் நம்ம ஊர் மிளகாய் ஒத்துக்கிடாம அந்த மனுசனுக்கு வயித்துவலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரைப் பார்த்து சென்செய், சென்செய்னு கும்பிட்டுக்கிட்டே இருந்தான். நீரு வாத்தியாருங்கீரு, அவன் டாக்டருங்கான்!”

“ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும் போல, முதலாளி.”

“இருக்கட்டும், ஆனா உம்மைப் பார்த்துச் சட்டையைத் தூக்கி வயித்தைக் காமிச்சான்னா என்ன செய்வீரு? அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாரும்.”

சுந்தரராஜ் கையகராதியைப் புரட்டினார். அவர் உப்பு விற்பவர். எதையும் ஒரு படி கூடவே மதிப்பிட்டுச் சொல்லிப் பழக்கப்பட்டவர். விரல் ஒரு இடத்தில் நின்றது.

“புரொஃபசர். கியோஜு. ஆங், இது கம்பீரமா இருக்கு. இதையே சொல்லச் சொல்லும்.”

“முதலாளி, நான் ஹைஸ்கூல் வாத்தியார்...”

“யாரு பார்க்கப் போறா? நம்ம ஸ்கூலுக்கும் ஒரு கௌரவம்தானே.”

காசிலிங்கம் வாயைத் திறப்பதற்குள் மதராஸுக்கு டிரங்க் கால் போட்டாகிவிட்டது. அங்கே நிஷிமுராவோடு தங்கியிருந்த மொழிபெயர்ப்பாளரிடம், சாப்பாடு ஒரு பேராசிரியர் வீட்டில் என்று சுந்தரராஜ் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் மூன்றாவது பாடம் நடந்தது. “கியோஜு,” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு சங்கரம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன பார்க்கே?”

“ஒண்ணுமில்ல. இது உங்களுக்குக் கொஞ்சம் லூசா இருக்கு.”

வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. ‘நிஷிமுராவுக்கு மிகவும் மகிழ்ச்சி. பேராசிரியரின் நூலகத்தைப் பார்க்க விருப்பம்.’

காசிலிங்கத்தின் நூலகத்தில் இருந்தவை: வங்காள தேசம் பிறப்பதற்கு முன்னால் அச்சான ஒரு அட்லஸ், அந்த வருஷத்துப் பஞ்சாங்கம், அரைப் பரீட்சை விடைத்தாள் கட்டு ஒன்று. விடைத்தாள்கள் இன்னும் திருத்தப்படவில்லை.

“வக்கீல் ஆவுடையப்பன் என் சிநேகிதன்தான். அவன்கிட்ட சுவரு சுவரா புஸ்தகம் இருக்கு,” என்றார் சுந்தரராஜ். “கெட்டி அட்டை, தங்க எழுத்து. தூரத்துல நின்னு பார்த்தா எல்லாப் புஸ்தகமும் ஒண்ணுதான், வே.”

சனிக்கிழமை காலையில் ரெண்டு பீரோவும் ரெண்டு கைவண்டி நிறைய சட்டப் புஸ்தகங்களும் வந்து இறங்கின. காசிலிங்கத்தின் வீட்டில் அவ்வளவு பெரிய பீரோக்களை வைக்க ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. மத்தியானம் வரை நின்று புஸ்தகங்களை அடுக்கி முடித்து, ரெண்டடி பின்னால் வந்து பார்த்தார். உண்மையிலேயே ஒரு பேராசிரியர் வீடு மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரம் அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது.

“அரங்குக் கதவை எங்க?” என்று கேட்டாள் சங்கரம்மாள்.

அந்தச் சுவரில்தான் சாமான் வைக்கிற அரங்கின் கதவு இருந்தது. இப்போது அது ரெண்டாவது பீரோவுக்குப் பின்னால் இருந்தது. விருந்துக்கு வாங்கிய வெல்லம், பருப்பு, நெய், அப்பளம் எல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்தன.

“இதை நகட்டணும்னா எல்லாப் புஸ்தகத்தையும் இறக்கணுமே,” என்றார் காசிலிங்கம்.

“வேண்டாம், விடுங்க. ஆக்னஸ்கிட்ட வாங்கிக்கிடுதேன்.”

சாயங்காலம் ஜெபசீலன் வந்து எட்டிப் பார்த்தார். பீரோவைப் பார்த்ததும், “யாரு மேல கேஸ் போட்டிருக்கீரு?” என்று கேட்டார். காசிலிங்கம் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“கியோஜுவா? அது பெரிய காலேஜ்ல இருக்கவுகளுக்கு உள்ளது சார். ஜப்பான்காரன் சத்தம் போட மாட்டான், சண்டை பிடிக்க மாட்டான். ஆனா நாம சொன்னது பொய்னு தெரிஞ்சிட்டா, குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போவான். அதோட சரி. அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டான்.”

காசிலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு சுந்தரராஜ் வீட்டுக்கு ஓடினார். அங்கே மொசைக் தரையில் நின்றபடி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினார்.

“இனிமே எப்படி வே மாத்த முடியும்? பேராசிரியர்னு சொல்லியாச்சு. நாளைக்கு ரெண்டு மணி நேரம் பேராசிரியரா இருந்துட்டுப் போமே! பொய்னு வெளிய வந்து என் உப்பு கப்பல் ஏறலைன்னு வையும், அப்புறம் வேம்பார் கிடையாது. நேரா வீட்டுக்குத்தான்.”

அன்றைக்குக் காசிலிங்கம் சாப்பிடவில்லை. இருபத்தாறு வருஷம் சர்வீஸ். இமயமலையிலிருந்து இந்து மகாசமுத்திரம் வரை எத்தனையோ பையன்களுக்கு வழி காட்டியவருக்கு, இதிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை. பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த மனைவியிடம் வந்து நின்றார்.

“இங்க பாரு. கியோஷி, சென்செய், கியோஜு மூணையும் மறந்திரு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். வாசல்ல வந்து கையைக் கூப்பிக் கும்பிட்டுட்டு உள்ள போயிரு.”

“எதாவது கேட்டாகன்னா?”

“சிரி.”

பன்னிரண்டரைக்கு சுந்தரராஜின் கார் வந்து நின்றது. நிஷிமுரா அறுபது வயதிருக்கும் மெலிந்த மனிதர். வாசலில் ஷூவைக் கழற்றி, இரண்டையும் தெருவைப் பார்த்துத் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூடவே மதராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். சங்கரம்மாள் சொன்னபடியே கையைக் கூப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே ஆக்னஸ் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்து ஆனது. யாரும் யாரையும் அறிமுகம் செய்யவில்லை. சுந்தரராஜ் காசிலிங்கத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். காசிலிங்கம் தரையைப் பார்த்தார். நிஷிமுரா மெதுவாக நடந்து நேரே பீரோவுக்குப் போனார்.

ஒரு தடித்த புஸ்தகத்தை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, நடுவில் பிரித்து, ஆங்கிலத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“வேலித் தகராறில் மைத்துனனை அரிவாளால் வெட்டியதைப் பற்றி இதில் இருக்கிறதாம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “பேராசிரியர் சட்டம் சொல்லிக்கொடுக்கிறாரா என்று கேட்கிறார்.”

“ஆமா,” என்றார் சுந்தரராஜ்.

“இல்லை,” என்றார் காசிலிங்கம், அதே நேரத்தில்.

நிஷிமுரா முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. அடுத்த புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் இருந்தது.

“ஆ-வு-டை-யப்-பன்,” என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, காசிலிங்கத்தைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். “இவர் உண்மையில் யார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்கிறார்.”

சுந்தரராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேம்பார் பஸ்கூட இப்போது காசிலிங்கத்தை ஏற்றாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சங்கரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். நிஷிமுராவுக்கு முன்னால் நின்றாள். கைகளைத் தொடைமேல் வைத்து இடுப்போடு குனிந்தாள். கல்யாணத்தன்று பெரியவர்கள் காலில் விழுந்தபோதுகூட அவள் அவ்வளவு ஒழுங்காகக் குனிந்து காசிலிங்கம் பார்த்ததில்லை. பிறகு வாயைத் திறந்தாள். முதலில் என்னமோ முனகினாள், நடுவில் ‘கியோஷி’ என்றாள், கடைசியில் ‘தெஸ்’ என்று ஒரு சத்தம் போட்டு நிறுத்தினாள்.

காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பேசாதே என்று சொல்லியும் பேசிவிட்டாள். பேசியதுதான் பேசினாள், மூன்று வார்த்தையில் மட்டமானதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அதுவும் பயத்தில் முன்னும் பின்னும் உளறியிருக்கிறாள்.

புஸ்தகம் பீரோவுக்குள் போகும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். நிஷிமுரா குனிந்திருந்தார், மூக்குக் கண்ணாடி நழுவி நுனிக்கு வரும் அளவுக்கு. நிமிர்ந்ததும் சங்கரம்மாளைப் பார்த்து நிறுத்தாமல் எதையோ சொன்னார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு தடவை குனிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“என்ன சொல்லுதாரு? என்ன சொல்லுதாரு?” என்று பதறினார் சுந்தரராஜ்.

மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். “பள்ளிக்கூட ஆசிரியர் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். இவருடைய அப்பாவும் கிராமத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்தானாம். இவருக்குத்தான் படிப்பு ஏறவில்லை, பாதியில் விட்டுவிட்டு உப்புக் கடையில் வேலைக்குப் போய்விட்டார். பேராசிரியர் வீட்டில் சாப்பாடு என்றதும் என்ன பேசுவது என்று தெரியாமல் மூணு நாளாகத் தூங்கவில்லையாம். பேச ஒன்றும் இல்லாவிட்டால் புஸ்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடலாம் என்றுதான் நூலகம் கேட்டாராம். இப்போதுதான் அவருக்கு உயிர் வந்ததாம்.”

காசிலிங்கத்துக்கும் அப்போதுதான் வந்தது.

“அதோடு, அம்மா சொன்ன விதம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “சென்செய் என்று ஊரார் சொல்லலாம். வீட்டுக்காரி தன் புருஷனை வெளியாளிடம் அப்படிச் சொன்னால் அங்கே சிரிப்பார்கள். அடக்கமாகக் கியோஷி என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல குடும்பம் என்கிறார்.”

“நான்தான் அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னேன்,” என்றார் சுந்தரராஜ்.

பிறகு நடந்ததெல்லாம் சாப்பாடுதான். நிஷிமுரா சம்மணம் போட்டு உட்கார்ந்து சொதியை மூன்று தடவை வாங்கிக்கொண்டார். இஞ்சிப் பச்சடி ஒரு வாய் வைத்துவிட்டு மூக்கு சிவந்து என்னமோ முணுமுணுத்தார். மொழிபெயர்ப்பாளர் வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்குள் சங்கரம்மாள் ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“மொகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவா,” என்றார் பரிமாறிக்கொண்டிருந்த காசிலிங்கம் பெருமையோடு.

போகும்போது நிஷிமுரா இரண்டு கையாலும் ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். காரில் ஏறுமுன் சுந்தரராஜ் காசிலிங்கத்தின் தோளில் தட்டினார். “வேம்பாருக்கு வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன், வே. நீரு இங்கனயே இரும்.”

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்த காசிலிங்கம், நேரே அடுப்படிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். ரெண்டு நாள் பசி. சங்கரம்மாள் இலையைப் போட்டாள். சொதி ஆறியிருந்தது. அதைப்போல ஒரு சாப்பாட்டை அவர் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை.

“நல்ல வேளை,” என்றார் பாதிச் சாப்பாட்டில். “நான் அப்புறம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் உனக்கு மறந்து போயி, பழசைச் சொல்லிட்டே. உன் மறதிதான் இன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு.”

“ஆமா,” என்றாள் அவள், அப்பளத்தை வைத்தபடி.

“வேம்பாருக்குப் போயிருந்தா செத்திருப்பேன். பஸ்ஸுக்காகச் சொல்லல. நீ பக்கத்துல இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது.”

சங்கரம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இருபத்துநாலு வருஷத்தில் இதை அவர் சொல்வது இதுதான் முதல் தடவை. இன்னொரு கரண்டி சொதி விட்டாள்.

சாப்பிட்டு எழுந்த பிறகுதான் காசிலிங்கம் டப்பாவைப் பார்த்தார். உள்ளே ஏதோ பச்சை நிறத்தில் காய்ந்த இலை. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த நீளமான காகிதம்தான் அவர் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழாகத் தூரிகையால் எழுதியது போல ஜப்பானிய எழுத்து, அடியில் சிவப்பு முத்திரை. ஊரில் எந்த வாத்தியாரைப் பாராட்டினாலும் ஒரு வாழ்த்து மடல் எழுதி, முத்திரை போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் கொடுப்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை.

ஈரத்துணியை வைத்து அரை மணி நேரம் பாடுபட்டு, கிழியாமல் உரித்தெடுத்தார்.

“இதையா கண்ணாடி போடப் போறீக?” என்று கேட்டாள் சங்கரம்மாள்.

“பின்னே? வாழ்த்து மடலைப் பெட்டிக்குள்ளயா வைப்பாக?”

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். “போடுங்க. நல்லாத்தான் இருக்கும்,” என்றாள்.

சட்டம் போட்டு, நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, வக்கீலின் பீரோக்கள் போன சுவரில் அரங்குக் கதவுக்கு மேலே மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் அடிக்குச்சியால் தொட்டுக் காட்டி விளக்கினார். மேலே இருப்பது ஆசிரியர் என்று அர்த்தம். நடுவில் இருப்பது அறிவு, ஒழுக்கம். அடியில் நிஷிமுராவின் கையெழுத்து. ஹெட்மாஸ்டர் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஜெபசீலன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஆமா, இந்த எழுத்தைக் கோபேயில எத்தனையோ இடத்துல பார்த்திருக்கேன்,” என்றார். சுந்தரராஜ் வந்து பார்த்த உடனேயே முடிவு செய்துவிட்டார், இதைப் பெரிதாகப் படம் எடுத்துப் பள்ளிக்கூட ஹாலில் மாட்ட வேண்டும் என்று.

மறுவாரம் போட்டோக்காரர் வந்தார். முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சுந்தரராஜும் ஹெட்மாஸ்டரும் சட்டத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். காசிலிங்கம் நடுவில் நின்று அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பாயசத்துக்குக் கொடுத்த உருளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்த ஆக்னஸ், வாசலில் நின்று சட்டத்தை எட்டிப் பார்த்தாள்.

“இத எதுக்கு சார் போட்டோ பிடிக்காக? ‘டப்பாவை ஈரத்துல வைக்காதே, மூடியை இறுக்கி மூடு’ன்னு எழுதியிருக்குன்னு அக்கா அன்னைக்கே எனக்கு வாசிச்சுச் சொன்னாகளே. மலாயாவுல சண்டைக்காலத்துல ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்துல மூணு வருசம் படிச்சவுகல்லா அவுக, நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லியா?”